கையால் ஓடும் காருக்கு ஒரு பம்ப்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ஏற்றத்தில் என் கார் நின்றுபோனது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றில். சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. முன்னால் ஒரு சுற்றுலா வேன், பின்னால் வளைவு வரைக்கும் கார்கள், இரண்டு ஓரத்திலும் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற கடைகள், நடுவில் ஈரத் துண்டோடு குடும்பம் குடும்பமாக நடக்கிறவர்கள். என்ஜின் ரெண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது. சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை.

பக்கத்தில் இருந்த என் கணவர் ஒன்றும் கேட்காமல் இறங்கிப் பின்பக்கம் போய்விட்டார். எங்கள் வீட்டில் கார் ஓட்டுகிறது நான்தான். அவர் கற்றுக்கொள்ளப் போய், முதல் வாரமே பக்கத்து வீட்டு காம்பவுண்டுச் சுவரில் முட்டி நிறுத்தியவர். அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. தள்ளுவதற்கு மட்டும் எப்போதும் தயாராக இருப்பார்.

என் காரை ஓட்டக் கால் வேண்டாம். ஒன்றரை வயதில் வந்த போலியோ என் இரண்டு கால்களையும் முடக்கிவிட்டது. கால்களைத் தாங்குகிற இரும்புக் காலிப்பர் மாட்டி, ஒரு ஊன்றுகோலோடு நடப்பேன். செங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் டீச்சராக வேலை கிடைத்தபோது, தென்காசியிலிருந்து பஸ் ஏறி இறங்குவதற்குள்ளேயே அன்றைய பலமெல்லாம் தீர்ந்துவிடும். சில வருஷம் அப்படி ஓட்டிவிட்டு, பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினேன். கார்புரேட்டர் வைத்த காலத்துக் கார். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் அதைக் கையால் ஓட்டுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார்கள். வலது கைக்கு வேகமும் பிரேக்கும், இடது கைக்கு கியரும் கிளட்சும். ஸ்டீயரிங்கை இரண்டு கையும் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளும். அந்தக் காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நான் ஒரு இடத்துக்கு நினைத்த நேரத்தில் போய், நினைத்த நேரத்தில் வந்தேன்.

ஏற்றத்தில் காரை மேலே தள்ள வழியில்லை. பிரேக்கைக் கையால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்த காரிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, அந்த அம்மாவும் இறங்கித் தள்ளினால் என்ன என்று சத்தம் போட்டார். அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள் நாலைந்து பேர் ஓரத்தில் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் என் ஜன்னல் பக்கம் வந்து குனிந்து பார்த்தார். காலிப்பரைப் பார்த்திருப்பார். நேரே பின்னால் போய், சத்தம் போட்டவரிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. சத்தம் போட்டவர் தன் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்து, மழையில் நின்று, மற்ற வண்டிகளை ஒதுங்கச் சொல்ல ஆரம்பித்தார்.

அப்படியே பின்பக்கமாகவே இறக்கத்தில் மெல்ல விட்டோம். நான் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்தேன். எண்ணெய்க்காரர்களும் என் கணவரும் பின்னால் கைவைத்துத் தாங்கிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் கை வழுக்கிக்கொண்டே இருந்ததால் ஒருவர் துண்டை மடித்துக் கொடுத்துத் தாங்கினார். ஒரு லாட்ஜின் வாசல் வரைக்கும் அப்படிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கார் முழுக்க எண்ணெய்க் கை அச்சு. நன்றி சொல்வதற்கு நான் கண்ணாடியை இறக்குவதற்குள், அவர்களில் பாதிப்பேர் அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டார்கள்.

எங்கள் மெக்கானிக்குக்கு போன் போட்டோம். தென்காசியிலிருந்து குற்றாலம் வருகிற ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறவர். நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். அவருக்கு வருகிற வேலை எல்லாம் புது கார்கள். பழைய கார் என்று அவரிடம் வருவது என்னுடையது ஒன்றுதான். கூட்டத்துக்குள் பைக்கை ஓட்டி வந்து, பானெட்டைத் திறந்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை.

எந்தக் காருக்கும் டேங்க்கிலிருந்து பெட்ரோலை என்ஜினுக்குத் தள்ளிவிட ஒரு பம்ப் வேண்டும். என் காரில் அது என்ஜினோடு ஒட்டி இருந்தது. என்ஜின் சுற்றச் சுற்ற ஒரு சின்னக் கம்பி மேலும் கீழும் ஆடும். அது உள்ளே இருக்கிற ரப்பர்த் தகட்டை அசைக்கும். அந்த அசைவில் பெட்ரோல் ஏறிவரும். இப்போது ரப்பர் கிழிந்துவிட்டது. பெட்ரோலில் எத்தனால் கலந்து வர ஆரம்பித்த பிறகு பழைய ரப்பர் எல்லாம் இப்படித்தான் ஊறி ஊறிப் போகுது என்று அவர் சொன்னார்.

அன்றைக்கு ஒரு ஜீப்பில் கயிறு கட்டித் தென்காசிக்கு இழுத்து வந்தோம். என்ஜின் ஓடாதபோது பிரேக் கல் மாதிரி இருக்கும். வீடு வந்து சேர்ந்தபோது எனக்கு வலது தோளைத் தூக்க முடியவில்லை. என் கணவர் அன்று ராத்திரி தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக் கொடுத்தார்.

அந்த மாடலுக்கு கம்பெனி பம்ப் வருவது நின்று வெகு காலமாகிவிட்டது. வேறு யாராவது செய்து விற்கிறதைத்தான் வாங்க வேண்டும். தென்காசியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்துகிற அக்கா ஒருவர் உண்டு. அப்பா காலத்திலிருந்து அந்தக் கடை. காலேஜில் கணக்கு படித்துவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தவர். தன்னிடம் ஒரே ஒரு பம்ப் இருக்கிறது, யார் செய்தது என்று பெட்டியில் இல்லை, எவ்வளவு நாள் உழைக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டும். அதையே மாட்டினோம்.

ஆவணி முழுக்க நன்றாக ஓடியது. புரட்டாசியில் வெயில் ஏறியது. ஒரு நாள் மத்தியானம் அரைநேரப் பள்ளி முடிந்து வரும்போது, செங்கோட்டை தாண்டியதும் அதே இருமல். ஓரமாக ஒரு வாகை மர நிழலில் ஒதுக்கினேன். என் கணவர் இல்லை, நான் மட்டும்தான். கண்ணாடியை இறக்கிவிட்டு மெக்கானிக்குக்கு போன் செய்துவிட்டுக் காத்திருந்தேன். கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப்போகிற லாரிகள் பக்கத்தில் போகும்போதெல்லாம் கார் ஆடியது. அப்போது எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. இந்தக் காரை நம்பித்தான் நான் வேலைக்குப் போகிறேன், கல்யாணம் காட்சிக்குப் போகிறேன். அது இப்படிப் போகிற வழியில் விட்டுவிட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது என்று தோன்றியது.

பெங்களூரில் இருக்கிற என் தம்பி அன்று சாயங்காலம் போன் பண்ணினான். புதுசாக ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கிவிடலாம், தானே வந்து எல்லாம் பார்த்துத் தருகிறேன் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. திருநெல்வேலியில் ஒரு ஷோரூமுக்குப் போய் உட்கார்ந்தும் பார்த்தேன். நல்ல கார்தான். ஆனால் அதையும் கையால் ஓட்டுகிற மாதிரி மாற்ற வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், அது முடியும் வரை நான் வீட்டில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, என் கை அந்தப் பழைய காரைப் பழகியிருந்தது. திடீரென்று ஒரு ஆடு குறுக்கே வந்தால் நான் யோசிக்கிறதற்கு முன்னால் என் வலது கை பிரேக்கைத் தள்ளிவிடும். புதுக் காரில் அந்தப் பழக்கம் வர எத்தனை நாள் ஆகுமோ. என்றைக்காவது வாங்குவேன், இப்போது வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். சரி அக்கா, அப்போ அந்த பம்ப்பையாவது ஒழுங்கா பாரு என்றான்.

கடையில் வாங்கி மாட்டிய பம்ப்பும் இப்படிக் கைவிட்டதால், மெக்கானிக் இந்தத் தடவை பேட்டரியில் ஓடுகிற கரண்ட் பம்ப் போட்டுவிடலாம் என்றார். என்ஜின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைத்துக்கொள்வதும் அதில் குறையும், ரப்பர் தொல்லையும் இல்லை. தனக்குப் பழக்கமான ஒரு புது மாடல் காரின் பம்ப் ஒன்று கைவசம் இருந்தது. அதை முதலில் தற்காலிகமாக இணைத்துப் பார்ப்போம் என்று பட்டறையில் மாட்டினார். நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன், என் கணவர் வெளியே நின்றிருந்தார். சாவியைப் போடச் சொன்னார். போட்டேன்.

பின்னால் ஒரு ரீங்காரம் கேட்டது. அடுத்த கணமே பெட்ரோல் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் பொங்கி என்ஜின் மேலெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. மெக்கானிக் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார். என் கணவர் என் கதவைத் திறந்தார். நான் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி வெளியே வைக்க வேண்டும். முழங்காலில் காலிப்பரின் பூட்டைப் போட வேண்டும். இருக்கைக்குப் பின்னாலிருந்து ஊன்றுகோலை எடுக்க வேண்டும். கதவின் மேல்விளிம்பைப் பிடித்து எழ வேண்டும். இதில் எதையும் வேகமாகச் செய்ய எனக்குத் தெரியாது. என் கணவர் பொறுக்காமல் என்னைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துவிட்டார். இரண்டு பேரும் பட்டறை வாசலில் போய் உட்கார்ந்தோம். ஒன்றும் பற்றவில்லை. எண்ணெய்க் கறை படிந்த தரையில் பெட்ரோல் பரவி, மெல்ல மெல்ல உலர்ந்தது.

மெக்கானிக் மணலை அள்ளிப் போட்டுவிட்டு எங்கள் எதிரில் வந்து நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"அழுத்தம் எம்புட்டுனு பாக்காம மாட்டிட்டேன் டீச்சர். தப்பு என்மேலதான்."

வேறு யாராக இருந்தாலும் பழைய கார்புரேட்டர் மேல் பழியைப் போட்டிருக்கலாம். எங்களுக்கு அதை மறுக்கத் தெரிந்திருக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை என்பதால்தான், அவ்வளவு பயந்த பிறகும் காரை வேறு பட்டறைக்குக் கொண்டுபோக எனக்குத் தோன்றவில்லை. என் கணவருக்குத் தோன்றியது. வீட்டுக்கு ஆட்டோவில் வருகிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அவர் மேல் கோபமும் வரவில்லை. என்னை இழுத்து வெளியே போட்டவர் அவர்தானே.

மறுநாள் காலையில் மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். என் கணவர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போனார். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன். தப்பா எடுத்துக்கிடாதிய. வண்டி தீப்பிடிச்சா நீங்க எறங்கதுக்கு எம்புட்டு நேரமாவும்?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. என் கணவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை என்று தெரிந்தது. எனக்கு என்ன தோன்றியது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். என் கால்களைப் பற்றி என்னிடம் நேராகக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. பாவம் என்று பார்ப்பார்கள், அல்லது பார்க்காத மாதிரி இருப்பார்கள். பள்ளியில் புதிதாக வருகிற பிள்ளைகள்கூட ஒரு வாரத்தில் அப்படிப் பார்க்காமலிருக்கக் கற்றுக்கொண்டுவிடும். இவர் ஒரு வேலை செய்வதற்குத் தேவையான அளவைக் கேட்டார். டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல் பிடிக்கும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

நேற்று பார்த்தீர்களே, அதைவிட வேகமாக என்னால் முடியாது என்றேன்.

பிறகு அவர் நினைத்ததை விளக்கினார். பழைய பம்ப் என்ஜினோடு ஓடுவது. என்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். கரண்ட் பம்ப் அப்படியில்லை. எங்காவது மோதி என்ஜின் நின்று, குழாய் அறுந்து கிடந்தாலும், சாவி போட்டபடி இருந்தால் அது பாட்டுக்குப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் குதித்து ஓடிவிடலாம். அதனால் கரண்ட் பம்ப் போடுவதென்றால், தானாகவே நிற்கிற மாதிரி போட வேண்டும். அதைத் தன்னால் செய்ய முடியாவிட்டால் போடவே மாட்டேன் என்றார். இதைச் சொல்வதற்குத்தான் ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறார்.

என் கணவர் காபியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். வேறு பட்டறை என்ற பேச்சு அதோடு எங்கள் வீட்டில் நின்றது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் ஒழுங்காக பம்ப் தேட ஆரம்பித்தோம். கடைக்கார அக்கா மேஜைமேல் நாலைந்து பெட்டிகளை எடுத்து வைத்தார். கார்புரேட்டர் காருக்கு மூன்று நான்கு பவுண்டு அழுத்தம் போதும், புது கார்களின் பம்ப் நாற்பதுக்கு மேல் தள்ளும், கார்புரேட்டருக்குள் இருக்கிற சின்ன ஊசியால் அதைத் தாங்க முடியாது என்று அவர் ஒரு டீலரிடம் போனில் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார். பட்டறையில் நடந்தது அவர் காதுக்கும் போயிருந்தது. பெட்டிகளில் பாதியின் மேல் அழுத்தம் எவ்வளவு என்று எழுதியே இருக்கவில்லை. ஒன்றில் பன்னிரண்டு வோல்ட் என்று மட்டும் பெரிதாகப் போட்டிருந்தது. பார்க்க அழகாக, பளபளப்பாக இருந்தது. இது எப்படி என்று கேட்டேன்.

"நம்பர் போடாத பம்ப உங்களுக்கு நான் தரமாட்டேன் டீச்சர். வேணும்னா கோவிச்சுக்கிடுங்க."

அவர் அந்தப் பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். பிறகு மதுரை, கோயம்புத்தூர் என்று எங்கெங்கோ போன் போட்டார். கடையில் ஆள் நிற்கும்போதே ஒரு காதில் போனும் இன்னொரு காதில் வியாபாரமுமாக இருந்தார். கேட்ட கேள்விகள் எல்லாம் நாங்கள் கேட்கச் சொன்னவை: அழுத்தம் எவ்வளவு, எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமா, தொடர்ந்து ஓடலாமா, கெட்டுப்போனால் இதே மாதிரி இன்னொன்று கிடைக்குமா. கடைசிக் கேள்வி என்னுடையது. ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தேட என்னால் ஆகாது.

கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற சதுரமான பம்ப். கருப்பு நிறம், அழகு என்று சொல்ல எதுவுமில்லை. குறைந்தது இரண்டரை, கூடினால் நான்கு பவுண்டு என்று உடம்பிலேயே பொறித்திருந்தது. மெக்கானிக் இந்தத் தடவை எதையும் நம்பவில்லை. யாரிடமோ அழுத்தம் பார்க்கிற மீட்டர் இரவல் வாங்கிவந்து, காருக்கு வெளியே, கேனில் குழாயைப் போட்டு ஓடவிட்டுப் பார்த்தார். முள் மூன்றைத் தாண்டி நான்கைத் தொடாமல் நின்றது. என்னையும் வந்து பார்க்கச் சொன்னார். ஊன்றுகோலோடு போய்க் குனிந்து பார்த்தேன். என் கணவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து தனியாக ஒருமுறை பார்த்தார்.

காரில் பொருத்துவதற்கு முன்னால் மெக்கானிக் ஒரு காரியம் செய்தார். நான் இறங்குவதை மறுபடி ஒருமுறை, அவசரமில்லாமல், தனக்குச் செய்து காட்டச் சொன்னார். பட்டறையின் கதவைப் பாதி இழுத்து மூடினார். நான் செய்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் ஒவ்வொன்றையும் பார்த்தார். பிறகு, நான் உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டு, என் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு கால்களையும் அசைக்காமல் அப்படியே போட்டுக்கொண்டார். பெல்ட்டை மாட்டினார். பிறகு இறங்கப் பார்த்தார். முதல் தடவை தன்னையறியாமல் காலை ஊன்றிவிட்டார். மறுபடி உட்கார்ந்தார். இரண்டாம் தடவை தொடையைக் கையால் தூக்கி வெளியே வைக்கும்போது நெற்றி கதவில் இடித்தது. என் கணவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

முதலில் பம்ப்பை நிறுத்துகிற சுவிட்சை டேஷ்போர்டில் வைக்கலாம் என்றுதான் நினைத்திருந்தாராம். உட்கார்ந்து பார்த்த பிறகு அது சரிவராது என்று தெரிந்துகொண்டார். பெல்ட் இறுகி மார்பு பின்னால் இழுபட்டிருந்தால் கை அவ்வளவு தூரம் எட்டாது. என் இருக்கையின் ஓரத்தில், வலது கை தானாக விழுகிற இடத்தில் அதை வைத்தார். அது போக, என்ஜின் ஓடி ஆயில் அழுத்தம் இருந்தால் மட்டுமே பம்ப்புக்குக் கரண்ட் போகிற மாதிரி ஒயரை இழுத்தார். என்ஜின் நின்ற கொஞ்ச நேரத்தில் பம்ப்பும் தானே நின்றுவிடும். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் பெட்ரோல் ஏற வேண்டுமே, அதற்கு ஒரு பொத்தான். அமுக்கிப் பிடித்திருக்கிற வரைக்கும் ஓடும், விட்டால் நிற்கும்.

பம்ப்பைப் பின்னால் டேங்க்குக்குப் பக்கத்தில், தாழ்வாக வைத்தார். அதற்கு இழுக்கிறதைவிடத் தள்ளுகிறது சுலபமாம். முன்னால் ஒரு ஃபில்டர், புதுக் குழாய்கள். என்ஜினில் பழைய பம்ப் இருந்த ஓட்டையை ஒரு தகடு வெட்டி மூடினார். நான் கேட்காமலே கடைக்கார அக்கா ஒரு சின்ன தீயணைப்பானும் கொடுத்தனுப்பியிருந்தார். அதை எங்கே வைப்பது என்று மெக்கானிக்கும் என் கணவரும் வெகு நேரம் வாதாடினார்கள். கடைசியில் என் கணவரின் கால் பக்கத்தில் வைத்தார்கள். தீ பிடித்தால் நான் அணைக்கிறேன், நீ எறங்குகிற வேலையைப் பாரு என்று அவர் முடித்துவிட்டார்.

சோதனை பார்த்தோம். பொத்தானை அமுக்கினேன். பின்னாலிருந்து டிக் டிக் டிக் என்று வேகமாகக் கேட்டது. கார்புரேட்டரின் கிண்ணம் நிறைந்ததும் அந்தச் சத்தம் மெதுவானது. சாவியைத் திருப்பினேன். என்ஜின் உடனே பிடித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது, பார்க்காமல், கையைக் கீழே விட்டு சுவிட்சைத் தட்டச் சொன்னார். தட்டினேன். டிக் டிக் நின்றது. கிண்ணத்தில் மிச்சமிருந்த பெட்ரோல் தீருகிற வரைக்கும் ஓடிவிட்டு என்ஜினும் நின்றது. மறுபடி செய்யச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னார். என் கை அதைப் பழகிக்கொள்கிற வரைக்கும் அவர் விடவில்லை.

ஐப்பசியில் மழை இரண்டு நாள் விட்டு வெயில் சுள்ளென்று அடித்த ஒரு சனிக்கிழமை. மலை ஏறிப் பார்த்தால்தான் தெரியும் என்று மெக்கானிக் சொன்னார். அவர் முன்னால் என் பக்கத்தில், என் கணவர் பின்னால் தீயணைப்பானை மடியில் வைத்துக்கொண்டு. செங்கோட்டை, புளியரை தாண்டி, கேரள எல்லைக்கு ஏறுகிற வளைவுகளில் நடு மத்தியானத்தில் காரை ஏற்றினேன். முன்னால் சரக்கு லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் முதல் கியரிலேயே ஏற வேண்டியிருந்தது. என்ஜின் சூட்டுமுள் ஏறிக்கொண்டே வந்தது. பழைய பம்ப்பாக இருந்தால் இரண்டாம் வளைவிலேயே இருமியிருக்கும். மெக்கானிக் காதைப் பின்பக்கம் வைத்தபடியே வந்தார். ஒரு வளைவில் லாரி நின்றுவிட்டதால், ஏற்றத்தின் நடுவில் நானும் நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. கார் எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுந்து வந்தது.

எல்லை தாண்டி ஆரியங்காவில் ஒரு கடை முன்னால் நிறுத்தினேன். மெக்கானிக் இறங்கிப் போய் தரையில் படுத்து, பம்ப்பின் மேல் கைவைத்துப் பார்த்தார். சூடு இல்லை என்றார். கடைக்காரர் காருக்கே சாயா கொண்டுவந்து கொடுத்தார். என் கைப்பிடிகளைப் பார்த்துவிட்டு, இது எல்லாம் ஆரு செஞ்சது என்று பாதித் தமிழில் கேட்டார். பழையது கோயம்புத்தூரில் செய்தது, புதியது இவர் செய்தது என்று பக்கத்தில் நின்றவரைக் காட்டினேன். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு பழம்பொரி வாங்கப் போய்விட்டார்.

அவரிடம் நன்றி சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். பாடம் நடத்திப் பழகியவளுக்கு அன்று ஒழுங்காக ஒரு வாக்கியம் வரவில்லை. அவர் பழம்பொரியோடு திரும்பி வந்தபோது, நீங்கள் அன்றைக்குக் கேட்டதை என்னிடம் யாரும் கேட்டதில்லை, கேட்டதற்கு ரொம்ப நன்றி என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு, அத கேக்க அன்னைக்கு ராத்திரியே மூணு தடவ உங்க தெரு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன் டீச்சர் என்றார்.

திரும்பும்போது மலைச் சரிவில் வெயில் தணிந்திருந்தது. கீழே வயல்கள் பச்சையாக விரிந்து கிடந்தன. என் கணவர் பின்னாலிருந்து எதையோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி என் தோளைத் தொட்டார். பக்கத்தில் பார்த்தேன். மெக்கானிக் தலையைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, விரல்களில் இன்னும் கிரீஸ் கறை. ஒரு வாரமாக அவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். வளைவுகளில் அவர் தலை இடிக்காதபடி, வலது கையால் பிரேக்கை மெல்ல மெல்லப் பிடித்து, நான் காரைக் கீழே இறக்கினேன்.